சேலத்திலிருந்து சென்னைக்கு 265 கிலோமீட்டர்: அரை மணி நேரத்தில் ஏன் போக முடிவதில்லை?

சேலத்துக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். கார் ஓட்டுகிறவர் 340, 345 கிலோமீட்டர் என்பார். ரயிலில் போய் வருகிறவர் 335 என்பார். வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டால் 278 வரும். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே போட்டால் 265 வரும். எல்லாமே சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாதையை அளக்கிறது.

நேரத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது என்று படித்திருப்போம். அந்தக் கணக்குப்படி 265 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் தாண்டிவிட வேண்டும். டிக்கெட்டில் போட்டிருப்பதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, சென்னையில் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்போது நாலு மணி நேரம் ஓடியிருக்கும். 20 நிமிடம், ஒரு மணி, நாலு மணி என்ற இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களின் திட்டம் தடுமாறுகிறது. பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது சுலபம். பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

முதலில் தூரம்

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் 30 கிலோமீட்டர் போல வரும். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் மேலே லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் சேலம் நகரம் அப்படியே காலடியில் கிடக்கிறது. கண்ணுக்கு நேராக அளந்தால் இரண்டுக்கும் நடுவே 15 கிலோமீட்டர்கூட முழுசாக இருக்காது. பாதி தூரத்தை வளைவுகள் தின்றுவிடுகின்றன. இந்த நேர்க்கோட்டைத்தான் வான்வழித் தூரம் என்கிறோம். இரண்டு இடங்களுக்கு நடுவே இதைவிடக் குறைந்த தூரம் கிடையாது. சாலைத் தூரம் எப்போதும் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

அதை நாமே கண்டுபிடிக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. வடக்கு தெற்காக எங்கே இருக்கிறது என்று அட்சரேகை சொல்லும், கிழக்கு மேற்காக எங்கே என்று தீர்க்கரேகை சொல்லும். சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறது. அதன் எண்கள் வடக்கே 11.78 பாகை, கிழக்கே 78.06 பாகை. சென்னை விமான நிலையம் மீனம்பாக்கத்தில், வடக்கே 12.99, கிழக்கே 80.17.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். வடக்கு தெற்காகப் போகும்போது எந்த ஊரிலும் ஏறக்குறைய இதே அளவுதான். கிழக்கு மேற்காகப் போகும்போது அப்படி இல்லை. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதால், நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அவற்றுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வரும். நம் சேலம், சென்னை வட்டாரத்தில் ஒரு பாகை சுமார் 108.5 கிலோமீட்டர்.

இப்போது கழித்துப் பார்ப்போம். வடக்கு தெற்கு வித்தியாசம் 1.21 பாகை. 111-ஆல் பெருக்கினால் 134 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு வித்தியாசம் 2.11 பாகை. 108.5-ஆல் பெருக்கினால் 229 கிலோமீட்டர். இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். எட்டாம் வகுப்பில் படித்த பித்தாகரஸ் விதிப்படி இரண்டையும் வர்க்கம் ஆக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 265. அவ்வளவுதான். கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

நகரத்திலிருந்து நகரத்துக்கு என்று எடுத்தால் 278 ஏன் வருகிறது என்பதும் இப்போது தெரிந்திருக்கும். காமலாபுரம் சேலத்துக்கு வடமேற்கே இருக்கிறது, மீனம்பாக்கம் சென்னையின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. ஊரின் மையத்தை எடுத்தால் ஒரு விடை, விமான நிலையத்தை எடுத்தால் இன்னொரு விடை. விமானத் தூரம் என்று எங்காவது ஓர் எண்ணைப் பார்த்தால், எதிலிருந்து எதுவரை என்று முதலில் பாருங்கள். அலகையும் பாருங்கள். இதே 265 கிலோமீட்டர் மைலில் 165, விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 143. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் அது. வரைபடத்தில் பாகையைப் பார்த்தே தூரத்தைச் சொல்லிவிடலாம் என்பதால் கப்பலிலும் விமானத்திலும் அது நிலைத்துவிட்டது.

இந்தப் பாகைக் கணக்குக்கும் நம் பகுதிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்கத் தொடங்கினார். முதலில் சங்கிலி போட்டு அளந்த கோடு, பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கத்தை மட்டும் அப்படி அளந்துகொண்டு, மற்றதையெல்லாம் மலை உச்சிகளிலும் கோபுரங்களிலும் கருவியை வைத்துக் கோணம் பார்த்தே கண்டுபிடித்தார்கள். அப்படி முக்கோணம் முக்கோணமாகக் கோத்த பெரிய சங்கிலி கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி இமயம் வரை போனது. நம் சேலம் இருப்பது அதே 78-இல்தான். காமலாபுரத்தில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர் அந்தப் பரங்கிமலையின் பக்கத்தில்தான் போய் இறங்குகிறார். அன்று ஆண்டுக் கணக்கில் வெயிலிலும் காய்ச்சலிலும் கிடந்து அளந்தார்கள். இன்று நாம் ஒரு நிமிடத்தில் போடுகிற கணக்குக்கு அடித்தளம் அந்த உழைப்பு. எனக்கு அதை நினைக்காமல் இந்தத் தூரத்தைப் பற்றிப் பேசத் தோன்றுவதில்லை.

ஐதராபாத் விமான நிலையமும் 78-ஆம் பாகையில்தான், 78.43-இல் இருக்கிறது. அதனால் சேலத்திலிருந்து அங்கே போவது ஏறக்குறைய நேர் வடக்கே போவதுதான். முக்கோணம்கூட வேண்டாம். அட்சரேகை வித்தியாசம் 5.46 பாகை, பெருக்கினால் சுமார் 605 கிலோமீட்டர்.

ரொம்ப தூரம் என்றால் இந்தச் சுலபக் கணக்கு உதவாது, பூமி உருண்டை என்பது குறுக்கே வந்துவிடும். பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தட்டையான வரைபடத்தில் கிழக்குப் பக்கமாகக் கோடு போட்டால் பசிபிக் பெருங்கடல் குறுக்கே போகும். உருண்டையான பூமி மாதிரியை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் மேலே ஏறி, வட துருவத்தை ஒட்டிப் போய் அந்தப் பக்கம் இறங்கும். அதுதான் உண்மையான குறுக்குவழி, சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டி வந்த சான் பிரான்சிஸ்கோ - பெங்களூரு விமானம் வட துருவத்தின் மேலாகத்தான் வந்தது. 17 மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

இனி நேரம்

சேலத்தில் 2018-இல், சின்ன ஊர்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், அப்புறம் நின்றுபோனது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோது சென்னையோடு பெங்களூரு, கொச்சி, ஐதராபாத்துக்கும் இணைப்பு கிடைத்தது. இங்கே வந்து போவது இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் ரக விமானங்கள். ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர்தான், அந்த நீளத்துக்கு ஏற்ற விமானம் அது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் போல. ஆகவே 800-ஆல் வகுத்துப் பார்க்கும் கணக்கு சேலத்துக்கு ஒத்துவராது. 500-ஆல் வகுத்தால் 265 கிலோமீட்டருக்கு 32 நிமிடம்.

சரி, 32 நிமிடம் எப்படி ஒரு மணி நேரம் ஆகிறது?

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நின்ற இடத்திலிருந்து விமானம் அசைந்த நொடியில் தொடங்கி, போன ஊரில் நிறுத்தி நிற்கும் நொடி வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதையின் முனைக்கு உருண்டு போவது, முன்னால் இன்னொரு விமானம் இருந்தால் காத்திருப்பது, இறங்கிய பிறகு நிறுத்தும் இடத்துக்கு உருண்டு வருவது எல்லாம் அதில் அடக்கம். காமலாபுரம் சின்ன நிலையம், இங்கே சீக்கிரம் முடிந்துவிடும். சென்னையில் அப்படி இல்லை, தரையில் மட்டுமே பத்து நிமிடம் போகலாம்.

அப்புறம், மேலே போனாலும் எல்லா நேரமும் 500-இல் பறப்பதில்லை. ஏறும்போது வேகம் குறைவு. இறங்குவதற்கும் விமானிகள் ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்கவும் மூன்று கடல் மைல் தூரம் வேண்டும். விமானம் 15,000 அடியில் பறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்க 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர் வேண்டும். மொத்தமே 265 கிலோமீட்டர்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவதிலேயே போய்விடுகிறது. ஏறுவதற்கு ஆகும் தூரத்தையும் கழித்தால் முழு வேகத்தில் பறக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 35,000 அடி உயரத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு இறங்க மட்டுமே 194 கிலோமீட்டர் வேண்டும். சேலம் - சென்னை தூரத்தில் அது அந்த உயரத்துக்கு ஏறவே முடியாது. குறுகிய தூரத்தில் ஜெட்டின் வேகம் பெரிதாக உதவாததற்கு இதுதான் காரணம்.

கடைசிப் பத்து நிமிடத்தைத் தீர்மானிப்பது காற்று. விமானம் பெரும்பாலும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏறும், இறங்கும். எதிர்க்காற்று இறக்கைக்குத் தாங்கல் கொடுக்கும், ஓட வேண்டிய தூரமும் குறையும். சென்னையின் முதன்மை ஓடுபாதை கிட்டத்தட்ட மேற்கு கிழக்காகக் கிடக்கிறது. நாம் போவதும் மேற்கிலிருந்து. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் வேளையில், சேலம் விமானம் வந்த வழியிலேயே நேராகப் போய் இறங்கிவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று பின்னாலிருந்து வரும். அப்போது ஓடுபாதையைத் தாண்டி, நகரத்தைத் தாண்டி, வங்கக் கடலுக்கு மேலே போய்த் திரும்பி, கிழக்குப் பக்கமிருந்து இறங்க வேண்டும். சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கடலைப் பார்த்து, ‘வழி மாறிவிட்டதோ’ என்று பயப்பட வேண்டியதில்லை. அது வழக்கமான சுற்றுதான். தூரக் கணக்கில் இது வராது, நேரக் கணக்கில் வரும்.

நீண்ட பயணத்தில் காற்று இன்னும் பெரிய வேலை செய்கிறது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் ஏர் இந்தியா விமானம் முதலில் அட்லாண்டிக் பக்கமாக, சுமார் 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பிப் பசிபிக் வழியாக விட்டார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது, நேரம் சுமார் இரண்டு மணி குறைந்தது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் வீசும் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனதுதான் காரணம். அதிக தூரம், குறைந்த நேரம். தூரத்தை வைத்து மட்டும் நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

போகும்போது எதிர்க்காற்று வாங்கினாலும் வரும்போது அதே காற்று தள்ளிவிடும், ஆக இரண்டும் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 1,000 கிலோமீட்டர் தூரம், 500 கிலோமீட்டர் வேகம், காற்று 100 என்று வைத்துப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 2, வர 2, மொத்தம் 4 மணி நேரம். காற்று இருந்தால் போக 400 வேகத்தில் இரண்டரை மணி, வர 600 வேகத்தில் ஒரு மணி 40 நிமிடம். மொத்தம் 4 மணி 10 நிமிடம். மெதுவாகப் பறக்கும்போது காற்றில் மாட்டியிருக்கும் நேரமும் கூடிவிடுகிறது.

வீட்டிலிருந்து வீடு வரை

பயணிக்கு வேண்டியது இந்தக் கணக்குதான். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து காமலாபுரம் போக 40 நிமிடம் வையுங்கள். உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி போடும் கவுன்டரை மூடிவிடுவார்கள், அதனால் ஒன்றேகால் மணி நேரமாவது முன்னால் இருக்க வேண்டும். விமானம் ஒரு மணி நேரம். சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 25 நிமிடம். மெட்ரோ பிடித்து சென்ட்ரல் போக நடையும் காத்திருப்பும் சேர்த்து 45 நிமிடம். கூட்டினால் நாலு மணி நேரத்தைத் தாண்டுகிறது. சேலம் ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் சென்ட்ரலில் இறக்கிவிடும். ஆகவே சென்ட்ரல் பக்கம் வேலை உள்ளவர்கள் நேரத்துக்காக விமானம் ஏற வேண்டிய அவசியம் இல்லை. தாம்பரம், கிண்டி பக்கம் போகிறவர்களுக்கும், சென்னையில் வேறு விமானம் மாறி ஏறுகிறவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு விமானம்தான் நல்லது.

பெங்களூருக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே 160 கிலோமீட்டர் போலத்தான். ஆனால் பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே வெகு தொலைவு தள்ளி இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் விமானத்தில் போனால், நகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி முழு நகரத்தையும் குறுக்கே கடந்து திரும்பி வர வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் பஸ்ஸோ எலக்ட்ரானிக் சிட்டியைத் தொட்டுக்கொண்டுதான் நகரத்துக்குள்ளேயே நுழைகிறது. அவர்களுக்கு பஸ்தான்.

ஐதராபாத் என்றால் கதை மாறிவிடும். தரையில் ஓர் இரவு முழுக்கப் போகும். விமானத்தில் 605 கிலோமீட்டரை 500-ஆல் வகுத்தால் 73 நிமிடம், ஏறி இறங்கி உருள்வதற்கு அரை மணி சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வரும். முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் போட்டாலும் அரை நாளுக்குள் முடிகிறது. தரையில் செலவாகும் அந்த மூன்று மணி நேரம் எந்த ஊருக்குப் போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தூரம் கூடக் கூட அதன் பாரம் குறைகிறது. சேலத்திலிருந்து எங்கே போவதாக இருந்தாலும் அரை மணியை மட்டும் கூட்டி இதே மாதிரி டிக்கெட் நேரத்தை மதிப்பிட்டுக்கொள்ளலாம், பெரிய பிழை வராது.

வெளிநாட்டுப் பயணம் என்றால் கடிகாரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் பயண நேரம் வராது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம் போல ஆகும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே கடிகாரம் மாலை 4.30 காட்டும். திரும்பி வரும்போது அதே நாலு மணி நேரப் பயணம் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரமாகத் தெரியும்.

இந்தியா முழுக்க ஒரே நேரம் வைத்திருக்கிறோம். அது 82.5 பாகையில் சூரியன் இருக்கும் நிலையை வைத்து வந்தது. சேலம் அதற்கு நாலு பாகைக்கும் மேல் மேற்கே இருப்பதால், சராசரியாகப் பார்த்தால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி பன்னிரண்டேகாலைத் தாண்டியிருக்கும்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களை அழைக்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சனிக்கிழமை இரவு 10.30-க்கு அங்கே கிளம்பும் விமானம், நாலு மணி நேரம் பறந்து, பெங்களூரில் ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு இறங்கும். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று போட்டிருந்தால் அடுத்த நாள் என்று அர்த்தம். சேலத்திலிருந்து வண்டி எடுக்கிறவர் சனிக்கிழமை இரவு 11 மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். தரையைத் தொட்ட பிறகு பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து ஆள் வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கும்.